மாத்திரை இல்லாத நாவல்கள்

காதல் நாவல்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்தார். ‘அதற்கெல்லாமா பக்கம் ஒதுக்கப்போகிறாய்?’ இன்னொருவர் கொஞ்சம் தாராளம். ‘சமூகவியல் ரீதியாகப் பார்க்கலாம், இலக்கியமாகப் பார்க்க இடமில்லை’ என்றார். இரண்டு பேரும் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஒருவருக்குத் தரம் சாக்கு, மற்றவருக்குச் சமூகவியல். அரை நூற்றாண்டாகச் சிறுபத்திரிகைகள் வணிக எழுத்தைப் பற்றிச் சொல்லிவந்தது அநேகமாக ஒரே வார்த்தைதான்: குப்பை. குப்பை என்று சொல்லியாயிற்று என்றால், அதில் என்ன கிடக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு நீங்கிவிடுகிறது. எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்கள் கிடந்தன. ஏன் கிடந்தன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அருணோதயம் வெளியிட்ட அவருடைய நாவல்கள் எங்கள் பக்கத்து வாடகை நூலகங்களில் பழுப்புத்தாள் அட்டை போட்டு, முதுகில் எண் எழுதி, மூலை மடங்கி, எண்ணெய்க் கறையோடு கைமாறிக்கொண்டிருந்தன. இன்று வாடகை நூலகம் அநேகமாகப் போய்விட்டது. கதை செல்போனுக்கு வந்துவிட்டது. பிரதிலிபியில் தினம் ஓர் அத்தியாயமாக வருகிறது, கிண்டிலிலும் வருகிறது. விடியுமுன் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண் படிக்கிறாள். எங்கள் வங்கியில் நகைக்கடன் கவுண்ட்டர் முன்னால், டோக்கனைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணும் படிக்கிறாள். தமிழில் இன்று நாவல் என்ற உருவத்தைத் தினசரி உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள். நாம் அல்ல, நம் பத்திரிகைகளின் சந்தாப் பட்டியலைப் பார்த்தால் இது தெரியும்.

இந்தக் கதைகளில் ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று வாசகர்களே பெயர் வைத்துக் கேட்டு வாங்கும் ஒரு வகை இருக்கிறது. அதன் எலும்புக்கூடு இது: அவன் பணக்காரன், தொழிலதிபன், முன்கோபி. பெண்களை வெறுப்பவன். அவளைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுகிறான், அல்லது ஒப்பந்தம் போட்டுக் கட்டுகிறான். அறைகிறான், பூட்டிவைக்கிறான், கேவலமாகப் பேசுகிறான். கதை பாதி தாண்டியதும் காரணம் வெளியாகிறது. சிறுவயதில் அவன் அம்மா வேறொருவனோடு போய்விட்டாள். அல்லது அவனைக் கவனிக்கவில்லை. அல்லது ஒருத்தி ஏமாற்றினாள். நாயகி இதைத் தெரிந்துகொண்டு அழுகிறாள். அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். அவன் குணமாகிறான். அடுத்தது குழந்தை, முற்றும்.

முன்பு இவனுக்கு ‘முரடன்’ என்றுதான் பெயர். இப்போது டிப்ரஷன், ட்ராமா, பைபோலார் என்ற சொற்கள் வந்திருக்கின்றன. சிலர் இதை முன்னேற்றம் என்கிறார்கள்: மனநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்களாம். பேசவில்லை. அறைந்தவனுக்கு வக்காலத்து வாங்க ஒரு வைத்தியச் சொல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஏதுமில்லை. நோயையும் கொடுமையையும் ஒன்றாக்கிவிட்டதில் இந்தக் கதைகள் இரண்டு பேரை ஏமாற்றுகின்றன: நோயாளியை ஆபத்தானவனாகக் காட்டுகின்றன, கொடியவனை நோயாளியாகக் காட்டுகின்றன.

இதைப் பெண் எழுத்தாளர்களின் அசட்டுத்தனம் என்று சொல்லி நகரப் பார்ப்பவர்களுக்கு நம் ஊர்க்காரர் ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். தேனி அல்லிநகரத்து பாரதிராஜா 1978இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ எடுத்தார். பெண்களை வரிசையாகக் கொல்கிறவன் நாயகன். அவன் இப்படி ஆனதற்குச் சிறுவயதில் பெண்களிடம் பட்டது காரணமாகக் காட்டப்படுகிறது. கடைசியில் சிறையில் மனம் பேதலித்துக் கிடக்கும் அவன் நினைவில் மிஞ்சியிருப்பது மனைவியின் பெயர் ஒன்றுதான். கொலைக்காரனின் கதை காதல் கதையாக முடிகிறது. கொல்லப்பட்டவர்களுக்குச் சிறுவயது ஒன்று இருந்ததா என்று படம் கேட்பதில்லை. இது நம் ஆண்கள் கொட்டகையில் உட்கார்ந்து கைதட்டிப் பார்த்த படம். சூத்திரம் ஒன்றுதான். ஆணின் மனம் கெட்டது ஒரு பெண்ணால். அதைச் சரிசெய்ய வேண்டியது இன்னொரு பெண்.

இந்தச் சூத்திரம் விஞ்ஞானத்திலும் கொஞ்ச காலம் குடியிருந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரம்-ரைக்மன் என்ற மனமருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் மேல்நாட்டு மருத்துவமனைகளில் தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பிறகு ஆதாரம் இல்லை என்று மருத்துவம் அந்தக் கருத்தைக் கைவிட்டது. மருத்துவம் வீசி எறிந்ததைப் பொறுக்கி எடுத்து நம் நாவல்கள் இன்னும் நாயகனின் பூர்வகதைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன.

ஆணுக்கு இப்படி. நோய் பெண்ணுக்கு வந்தால்?

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். 1847இல் வந்த சார்லட் ப்ராண்ட்டியின் ‘ஜேன் அயர்’தான் இன்றைய காதல் நாவலின் பாட்டி. அதில் நாயகனின் மேல்மாடியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள் பெர்த்தா, அவனுடைய மனைவி. அவளுக்குச் சித்தப்பிரமை. அவள் வீட்டைக் கொளுத்திவிட்டு மாடியிலிருந்து குதித்துச் செத்தபிறகுதான் ஜேனுக்குக் கல்யாணம் சாத்தியமாகிறது. பெர்த்தாவுக்கும் பேச ஏதாவது இருந்திருக்கும் என்று தோன்ற நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று; ஜீன் ரைஸ் 1966இல் ‘வைட் ஸர்காஸோ ஸீ’ எழுதி அவளைப் பேச வைத்தார். தமிழ்க் காதல் நாவலில் பெர்த்தா இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் நாயகனின் முன்னாள் காதலியாக வருவாள், பொறாமை முற்றி விஷம் வைப்பாள், கடைசி அத்தியாயத்துக்கு முன் ‘மனநலக் காப்பகத்தில்’ சேர்க்கப்படுவாள். ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவளைப் பார்க்க யார் போனார்கள், மத்தியானம் அவளுக்கு என்ன சாப்பாடு, என்றைக்கு வீட்டுக்கு வந்தாள் என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, படித்தவருக்கும் தோன்றவில்லை. ஆணின் நோய்க்குப் பெண்டாட்டி மருந்து. பெண்ணின் நோய்க்குப் பூட்டு.

இது கதையோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த தாராவும் அவர் சகாக்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோய் கண்டு, கல்யாணம் முறிந்துபோன பெண்களையும் அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தையும் பற்றியது. அதில் என்னை உறுத்தியது ஒரு கண்டுபிடிப்பு. நோய் என்ற களங்கத்தைவிட, புருஷனைப் பிரிந்தவள் என்ற களங்கம்தான் அவர்களுக்கு அதிகம் வலித்தது. நோயை நாம் தாங்கிக்கொள்வோம் போலிருக்கிறது. வாழாவெட்டியைத் தாங்க மாட்டோம். சட்டத்தின் கதையும் கேட்கத் தக்கது. இந்து திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், மனச்சிதைவு நோயைப் பேர் சொல்லி விவாகரத்துக்கான காரணங்களுக்குள் சேர்த்தது. 1988இல் உச்சநீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில், நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. ஒரு நீதிபதிக்குத் தோன்றிய இந்தப் பாகுபாடு நம் நாவலாசிரியர்களுக்கு இன்றுவரை தோன்றவில்லை. அவர்களுக்கு நோய் என்றால் ஒரு பெயர். பெயர் வந்தால் கதை திரும்பும்.

இப்போது வீட்டில் கிடந்த புத்தகங்களுக்கு வருகிறேன்.

அவை என் அக்காவுடையவை. அவளுக்குக் காலேஜ் இரண்டாம் வருஷத்தில் நோய் வந்தது. முதலில் வீரபாண்டிக்குக் கூட்டிப்போனோம். கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள் அம்மா. பிறகு மதுரைக்கு, டாக்டரிடம். மாத்திரையில் தேறினாள். தேறியதும் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் மிச்சமும் சரியாகிவிடும். கவனியுங்கள், எங்கள் பெரியவர்களில் ஒருவர்கூட நாவல் படிக்கிறவரல்ல. ஆனால் அவர்கள் சொன்னது நாவலின் முடிவு. நாவல் அவர்களைக் கெடுக்கவில்லை. அவர்கள் புத்தியைத்தான் நாவல் அட்டை போட்டு விற்கிறது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து ஒரு அம்மாள் கேட்டபோது, ‘ரத்தசோகைக்கு’ என்று சொன்னது நான். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. நன்றாகச் சொன்னேன் என்று மாமா முதுகில் தட்டினார்.

அக்கா புகுந்த வீட்டில் சத்து மாத்திரை என்று சொல்லிச் சாப்பிட்டுவந்தாள். அந்த மாத்திரைகளில் சில மாதவிலக்கை நிறுத்திவிடும். அது அவளுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நாள் தள்ளிப்போனதும் மாமியார் வீடு சந்தோஷப்பட்டது. பலகாரம் செய்து தெருவுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் டாக்டரம்மா ஒன்றுமில்லை என்று சொன்னார்; என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அதோடு சரி. அவர்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், நோய் திரும்பி வந்தது, எட்டாம் மாதம் அக்காவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். ஏமாற்றியவர்களில் நான் ஒருவன்.

அதற்குப் பிறகுதான் அவள் வாடகை நூலகத்து நாவல்களைப் படிக்க ஆரம்பித்தாள். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து, எலியட்டையும் காஃப்காவையும் அக்குளில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். ‘இதையெல்லாம் எப்படிப் படிக்கிறாய்?’ என்று ஒருநாள் கேட்டேன். அவள் சொன்னாள்: ‘நல்லாத்தான்டா இருக்கு. என்ன ஒண்ணு, இதுல யாருமே மாத்திரை போட மாட்டேங்கிறாங்க. கட்டிப்பிடிச்சா சரியாப் போயிருது.’ கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘யாருக்கும் ஒடம்பும் போட மாட்டேங்குது’ என்றாள். அந்த மாத்திரைகளால் அவள் பருத்திருந்தாள். காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள். கை நடுங்கும். தமிழ்க் காதல் நாவலைப் பற்றி இதற்குமேல் ஒரு விமர்சனத்தை நான் எந்தச் சிறுபத்திரிகையிலும் படித்ததில்லை.

தெரிந்தும் ஏன் படித்தாள்? ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஓர் ஊரின் காதல் நாவல் வாசகிகளைக் கண்டு பேசியிருக்கிறார் அவர். புத்தகத்தைத் திறந்து உட்கார்வதே அவர்களுக்கு ஓர் அறிவிப்பு: இந்த நேரம் எனக்கு, இப்போது யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. மேலும், எல்லோரையும் பராமரிக்கிற அவர்களைக் கதைக்குள் ஒருவன் பராமரிக்கிறான். நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் இது பொருந்தும். அவள் பசி உண்மை. அதற்குப் போடப்படுகிற சோறு பொய். பசியைக் கேலிசெய்வதும் நம் வேலையல்ல, சோற்றைப் புகழ்வதும் நம் வேலையல்ல.

சரி, நாம் என்ன போட்டோம்?

நம் கவிதையில் எத்தனை பைத்தியங்கள்! பஸ் ஸ்டாண்டில் சிரிக்கும் பைத்தியம், நிலவோடு பேசும் பைத்தியம், உலகம் அறியாத ஞானத்தை அறிந்த பைத்தியம். காதல் நாவல்காரர் நோயை வில்லியாக்கினால் நாம் அதை ஞானியாக்கினோம். ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர். 1984இல் தற்கொலை செய்துகொண்டார். நாம் அந்த மரணத்தையே அவருடைய கடைசிக் கவிதைபோல வாசிக்கப் பழகிவிட்டோம். ‘ழ’ பத்திரிகையை உட்கார்ந்து நடத்திய, வேலைக்குப் போன, மருந்து சாப்பிட்ட மனிதனைவிட இறந்துபோன கவி நமக்கு உபயோகமாக இருக்கிறான். இதிலும் என் பங்கு உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் அக்காவை வைத்து ஒரு கவிதை எழுதினேன். முற்றத்தில் நின்று நட்சத்திரங்களைப் பார்த்துச் சிரிக்கும் பெண். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அக்கா அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: ‘இதுல நான் ஏன்டா சிரிச்சுக்கிட்டே இருக்கேன்? எட்டு மணிக்கெல்லாம் தூங்கிருவேனே.’ அந்தக் கவிதையை நான் என் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை.

விதிவிலக்கு உண்டு. கோபிகிருஷ்ணன் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ எழுதினார். மனநோயாளிகளைப் படிமமாக்காமல், அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதியவர் அவர். 2003இல் அவர் போனபோது எத்தனை பேர் அவரைப் படித்திருந்தோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் வெந்து செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் குடும்பத்தார்தான்: பாசமில்லாதவர்கள் அல்ல, வேறு வழி தெரியாதவர்கள், களைத்துப்போனவர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் கூடாது என்று தடைசெய்தது. சட்டம் சங்கிலியைத்தான் அவிழ்க்கும். கொண்டுபோய் விட்டுவிட்டுப் பஸ்ஸில் தனியாகத் திரும்பிய அப்பாவை யார் எழுதுவது? தமிழின் பெரிய நாவல் ஒன்று அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது. நாம் ஏறவில்லை.

குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்பதும் பொய், காதல் நோயைக் குணப்படுத்துகிறது என்பதும் பொய். அப்படியானால் குடும்பத்துக்கு இதில் என்ன இடம்? லண்டனில் ஜார்ஜ் ப்ரௌனும் அவரைத் தொடர்ந்து ஜூலியன் லெஃப்பும் இதை ஆராய்ந்தார்கள். 1972லும் 1976லும் வந்த முடிவுகள் பிரசித்தம். நோயாளியின் வீட்டாரை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். குற்றம் சொல்லும் பேச்சு, பகை, அளவுமீறிய தலையீடு, இவை மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகமாக இருந்தது. குற்றம் சொல்கிறார்களா என்பதை அவர்கள் எப்படிக் கணித்தார்கள் தெரியுமா? சொல்லப்பட்ட வார்த்தைகளோடு, சொன்ன குரலின் தொனியையும் வைத்து. சண்டிகரில் செய்து 1987இல் வெளியான ஆய்வு, லண்டன் வீடுகளைவிட அங்கத்திய வீடுகளில் இப்படிப்பட்ட பேச்சு குறைவு என்று கண்டது. நம் கூட்டுக்குடும்பப் பெருமைக்காரர்கள் உடனே துள்ள வேண்டாம்; அங்கேயும் பகை இருந்த வீடுகளில் நோய் திரும்பத்தான் செய்தது.

தொனி. மருத்துவர்கள் டேப் ரிக்கார்டர் வைத்துப் பிடிக்க முயன்ற இது, நாவலாசிரியனுக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்க வேண்டிய விஷயம். சோற்றுத் தட்டு வைக்கப்படும் சத்தத்தில் ஒரு மனுஷியின் அடுத்த ஆறு மாதம் தீர்மானமாகிறது. இதை எழுத மனோதத்துவப் பட்டம் வேண்டாம். காது வேண்டும். காதல் நாவல்காரர் அந்தக் காதை நாயகனின் இதயத்துடிப்பைக் கேட்க அனுப்பிவிட்டார். நாம் அதைப் பிரபஞ்சத்தின் மௌனத்தைக் கேட்க அனுப்பிவிட்டோம். அடுப்படியில் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

‘மாத்திரை போட்டாச்சா?’ எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்கிறோம். அம்மா கேட்டால் அதில், எனக்குப் பிறகு யார் கேட்பார்கள் என்ற பயம் இருக்கிறது. நான் கேட்டால், கவுண்ட்டரில் கையெழுத்தைச் சரிபார்க்கிற தொனி வந்துவிடுகிறது. அதை நான் பலமுறை மாற்றிக்கொள்ளப் பார்த்தும் முடியவில்லை. என் எட்டு வயது மகள் கேட்டால் அது வெறும் கேள்வி. அவள் கேட்கும்போதுதான் அக்கா எரிச்சலில்லாமல், ‘போட்டாச்சு’ என்கிறாள்.

இந்த மூன்று கேள்விகளையும் வித்தியாசம் தெரியும்படி எழுதத் தெரிந்தவர், காதல் நாவல்காரராகவே இருக்கட்டும், அவரைப் பற்றி அடுத்த இதழில் பத்துப் பக்கம் எழுத நான் தயார். அக்காவும் படிப்பாள்.